பூண்டி வரைக்கும் ஒரு நடை: கொசஸ்தலை ஆற்றுக்குப் போக நினைக்கும் வட சென்னைக்காரர்கள் அடிக்கடி கேட்பவை

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கம் எங்களோடு காலை நடை வருகிறவர்களை ஆண்டுக்கு நான்கைந்து தடவை கொசஸ்தலை ஆற்றின் மேல்பகுதிக்கு, பூண்டி ஏரிப் பக்கம் கூட்டிப்போகிறேன். கிளம்புவதற்கு முந்தைய வாரம் போன் ஓயாது. கேட்டதையே கேட்பார்கள், சொன்னதையே சொல்வேன். தொண்டை போதும் என்று எழுதிவிட்டேன். இனி போன் வந்தால் “படிச்சீங்களா?” என்றுதான் முதலில் கேட்பேன்.

கொசஸ்தலை ஆறா? கேள்விப்பட்ட மாதிரி இருக்கு. எங்க ஓடுது அது?

உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில்தான். எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் சேருகிற ஆறு அதுதான். கொற்றலை ஆறு என்றும் சொல்வார்கள். நமக்கு அதை அனல்மின் நிலையச் சாம்பலாகத் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்து சுவரில் ஒட்டிய எண்ணெய்யாகத் தெரியும். சுமார் 136 கிலோமீட்டர் ஓடுகிற ஆற்றில் நாம் பார்த்தது வாலை மட்டும். நகரிப் பக்கமிருந்து வரும் நகரியாறும், திருத்தணிப் பக்கமிருந்து வரும் நந்தியாறும் இதில் சேர்ந்து பூண்டி நீர்த்தேக்கத்துக்கு வருகின்றன. அங்கிருந்து தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டு, அப்புறம் மணலி புதுநகர், எண்ணூர். மேலே போனால் பனை, வயல், செம்மண் மேடு, புதர்க்காடு. இது அதே ஆறுதானா என்று நம் ஆட்கள் முதல் தடவை நம்புவதில்லை.

எண்ணூர்லயே கொக்கு, நாரை எல்லாம் நிக்குதே. அதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம்?

நிற்கிறது, உண்மைதான். அலையாத்திச் செடி மிஞ்சியிருக்கிற இடத்தில் அலை வற்றும் நேரம் போனால் சேற்றில் உள்ளான்கள் ஓடுவதைப் பார்க்கலாம். அதையும் பாருங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் லாரிச் சத்தத்துக்கு நடுவே பார்ப்பது வேறு, ஆக்காட்டிப் பறவை கத்துவதைத் தவிர ஒரு சத்தமும் இல்லாத ஏரிக்கரையில் பார்ப்பது வேறு. தவிர, ஆற்றின் மேல்பகுதியைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் முகத்துவாரத்தைப் பற்றிப் பேசும் பேச்சே மாறிவிடுகிறது. நாலு பேரிடம் கவனித்திருக்கிறேன்.

எந்த மாசம் போகலாம்?

மழை அடங்கியதும். டிசம்பர் பாதிக்கு மேல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஏரியில் தண்ணீர் நிற்கும், வெளியூர்ப் பறவைகளும் வந்திருக்கும், வெயிலும் தாங்கும். பொங்கலை ஒட்டிய வாரங்களில் ஏழு மணிவரை பனி விலகாது. எதிரே நிற்பது ஆளா மரமா என்று தெரியாது. அந்தக் குளிரில் நடப்பதே தனி.

அக்டோபர், நவம்பரில் ஆசைப்படாதீர்கள். வானிலை எச்சரிக்கை இருந்தாலோ, பூண்டியில் ஷட்டர் திறக்கப்போவதாகச் செய்தி வந்தாலோ அந்த வாரம் பயணம் கிடையாது. பேச்சுக்கே இடமில்லை. மார்ச்சுக்கு மேல் பத்து மணிக்கெல்லாம் மண்டை காயும். சித்திரையில் நுங்குக்காகப் போகிறேன் என்றால் அது வேறு கணக்கு, நானும் வருகிறேன்.

வண்டி இல்லை. ரயில்ல போக முடியுமா?

அதுதான் நல்லது. திருவொற்றியூர், தண்டையார்பேட்டைக்காரர்கள் மின்சார ரயிலில் பேசின் பிரிட்ஜ் வந்து திருவள்ளூர், அரக்கோணம் மார்க்கத்து வண்டிக்கு மாறிக்கொள்ளலாம். வியாசர்பாடிக்காரர்களுக்கு ஜீவா ஸ்டேஷனே போதும். சென்ட்ரலில் இருந்து திருவள்ளூர் 42 கிலோமீட்டர். விடிவதற்கு முன் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். திருவள்ளூர் ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோவில் பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து பூண்டிக்கு பஸ். செங்குன்றத்தில் இருப்பவர்கள் பெரியபாளையம், ஊத்துக்கோட்டை வழியாகவும் வரலாம். ஆனால் அது சுற்று.

ஒரு தடவை வசதியாக இருக்கட்டும் என்று வேன் பிடித்தோம். ஓட்டுநர் எட்டரைக்கு வந்தார். வழியில் டிபனுக்கு முக்கால் மணி நேரம். ஏரிக்கரையில் இறங்கும்போது மணி பதினொன்றரை. பறவை எல்லாம் நிழலுக்குப் போய்விட்டது, நாங்கள்தான் வெயிலில் நின்றோம். அன்றிலிருந்து ரயில்தான்.

எவ்வளவு தூரம் நடக்கணும்?

உங்கள் விருப்பம். எங்கள் வழக்கம், காலையில் ஏரிக்கரையை ஒட்டி மூன்று மணி நேரம் மெதுவாக. தூரமாகக் கணக்கிட்டால் நாலைந்து கிலோமீட்டர்கூட இருக்காது. வேகமாக நடப்பவர்களுக்கு இந்தப் பயணம் பிடிக்காது. மெரினாவில் கையை வீசி நடக்கிற நடை இங்கே உதவாது. நூறு அடி நடந்தால் நூறு எண்ணும் வரை நிற்கச் சொல்வேன். முதலில் கடுப்பாக இருக்கும். மூன்றாவது தடவை நிற்கும்போது கண் தானாகப் பழகி, வெறும் கட்டை என்று நினைத்தது வக்கா என்கிற கொக்கு வகை என்று தெரியும்.

அணையின் ஷட்டர் பக்கம் போகக்கூடாது. காவலர் திரும்பச் சொன்னால் எதிர்க்கேள்வி இல்லாமல் திரும்ப வேண்டும். ஊருக்கே குடிதண்ணீர் கொடுக்கிற இடம் அது.

பறவை பேரே தெரியாதே. என்னத்தைப் பார்க்கிறது?

காக்கா, புறா, மைனா, கொக்கு தெரியுமல்லவா? அது போதும் தொடங்க. முதல் தடவை ஐந்தே ஐந்து பறவையை மட்டும் தெரிந்துகொண்டு வாருங்கள் என்பேன். ஐம்பது பெயரை எழுதிக்கொண்டு போனவர்கள் வீட்டுக்கு வந்ததும் ஒன்றையும் சொல்லத் தெரியாமல் விழிக்கிறார்கள்.

முதலில் நத்தை குத்தி நாரை. வயலிலும் ஏரி ஓரத்திலும் சாதாரணமாக நிற்கும். அழுக்கு வெள்ளை உடம்பு, கறுப்பு இறக்கை. அலகை மூடியிருக்கும்போது பாருங்கள்: நடுவில் ஓட்டை தெரியும், பாக்குவெட்டி சரியாக மூடாத மாதிரி. வளர்ந்த பறவைக்குத்தான் இந்த இடைவெளி, குஞ்சுக்கு இராது. ஒதப்பைப் பக்கம் ஒரு நடவு வயல் வரப்பில் உட்கார்ந்து இது சாப்பிடுவதை அரை மணி நேரம் பார்த்தோம். சேற்றுக்குள் அலகை விட்டுத் துழாவியது. நத்தை அகப்பட்டதும் தலையைத் தூக்கவில்லை, தண்ணீருக்குள்ளேயே ஏதோ வேலை பார்த்தது. கீழ் அலகின் நுனியைக் கத்தி மாதிரி உள்ளே செலுத்தி, ஓட்டோடு ஒட்டியிருக்கிற தசையை அறுத்து, சதையை மட்டும் உருவி எடுத்து விழுங்கிவிட்டது. அது நகர்ந்ததும் எங்களோடு வந்த பையன் வரப்பிலிருந்தே கையை விட்டு அந்த ஓட்டை எடுத்துக் காட்டினான். உடையவே இல்லை. எங்கள் கூட்டத்தில் காசிமேட்டில் நண்டு உடைத்தே வளர்ந்த அக்கா ஒருவர் இருந்தார். “எனக்கு இது வராதுப்பா” என்றார்.

அடுத்தது கறுப்பும் வெள்ளையுமான மீன்கொத்தி. நம் தெருவில் கம்பியில் உட்காரும் நீல மீன்கொத்தி இல்லை. இது தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் இறக்கையை அடித்துக்கொண்டு அந்தரத்தில் நிற்கும். பிறகு செங்குத்தாக விழும். பத்து தடவை விழுந்தால் இரண்டு மூன்று தடவை மீன். மற்ற தடவை வெறும் அலகோடு கிளம்பி, ஒன்றும் நடக்காத மாதிரி மறுபடி நிற்கும்.

பாம்புத்தாரா: நீந்தும்போது உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கும், கழுத்து மட்டும் வெளியே. பாம்பு என்று கத்தாதவர் இல்லை. பனங்காடை: உட்கார்ந்திருக்கும்போது மங்கல், பறந்தால் இரண்டு நீலம். ஆக்காட்டி: ஆளைக் கண்டால் ஊரைக் கூட்டும், பெயரே அதனால்தான். வெயில் தொடங்கும் மாதங்களில் வெறும் தரையில், கல்லோடு கல்லாக முட்டையிடும். அது உங்கள் தலைக்கு மேல் வட்டமடித்துக் கத்தினால் முன்னே போகாதீர்கள், வந்த வழியே திரும்புங்கள்.

கூழைக்கடா, சங்குவளை நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம், நாமக்கோழி எல்லாம் கிடைக்கும். பூநாரை வேண்டுமென்றால் பழவேற்காடு போக வேண்டும், அது வேறு நாள்.

பைனாகுலர் வாங்கணுமா?

முதல் தடவைக்கு வேண்டாம். எங்களிடம் இரண்டு இருக்கிறது, கை மாற்றிக்கொள்வோம். வாங்கினால் 8x42 என்று போட்டிருப்பதை வாங்குங்கள், எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும். பெருக்கம் அதிகமானால் கை நடுக்கமும் அதிகமாகத் தெரியும்.

போன வருஷம் பாலத்துல இருந்து பார்த்தேன். ஆத்துல மணல்தான் இருந்துச்சு. அதுவா ஆறு?

அதுவும் ஆறுதான். பூண்டியில் தடுத்து நிறுத்திய தண்ணீர் கால்வாய் வழியாகப் புழலுக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் போகிறது. ஆற்றில் ஓட வேண்டியது உங்கள் வீட்டுக் குழாயில் வருகிறது, அவ்வளவுதான். நீர்த்தேக்கத்தைக் கட்டி முடித்தது 1944-இல். அதற்கு முயன்ற சென்னை மேயர் சத்தியமூர்த்தியின் பெயரில் சத்தியமூர்த்தி சாகர். ஆழம் 35 அடி, கொள்ளளவு 3231 மில்லியன் கன அடி. செய்தியில் தினமும் கேட்கிற எண்தான். 1983 ஒப்பந்தப்படி வரும் கிருஷ்ணா நீரும் ஊத்துக்கோட்டைப் பக்கம் எல்லை தாண்டி இங்கேதான் சேருகிறது. முதலில் வந்தது 1996-இல்.

மேலே காய்ந்து கிடந்தாலும் மணலுக்கு அடியில் ஈரம் உண்டு. தாமரைப்பாக்கம், பஞ்செட்டி, மீஞ்சூர் பக்கம் சென்னைக் குடிநீருக்காகப் போட்ட ஆழ்துளைக் கிணறுகள் இந்த ஆற்றுப் படுகையை நம்பித்தான். அளவு மீறி உறிஞ்சியதில் மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் உள்ளே வந்து கிணறு உப்பானது. அந்த ஊர்க்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால் நம்மைப் பார்த்து ஒரு மாதிரி சிரிப்பார்கள். சிரிக்க உரிமை உண்டு.

குளிக்கலாமா?

கூடாது. மணல் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்று தண்ணீர் மேலே எழுதி வைத்திருக்காது. கடலில் நீந்துகிறவன் என்று சொல்லாதீர்கள். உப்புத் தண்ணீர் தூக்கும், இது தூக்காது.

குடியம் குகைன்னு ஒண்ணு சொல்றாங்களே, அதுவும் உண்டா?

உண்டு, ஆனால் அதற்கென்று ஒரு நாள் ஒதுக்க வேண்டும். குடியம் கிராமத்திலிருந்து புதர்க்காட்டு வழியாக நடை. நின்று பார்த்துக்கொண்டு போனால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. காப்புக்காடு என்பதால் வனத்துறையிடம் முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஊர்க்காரர் ஒருவரை வழிகாட்டியாகக் கூப்பிட்டு, அவர் அன்றைய கூலியைப் பேசிக் கொடுத்துவிடுங்கள். வழி ஒன்று போலவே பிரியும், செல்போன் சிக்னலை நம்ப முடியாது.

குகை என்றால் சுரங்கம் மாதிரி கற்பனை செய்யாதீர்கள். பெரிய பாறைக் குடை. மழைக்கு நூறு பேர் ஒதுங்கலாம் போல அகலம். உள்ளே ஊர் மக்கள் கும்பிடும் அம்மன் இருக்கிறாள், செருப்பைக் கழற்றிவிடுங்கள். அண்ணாந்து பார்த்தால் கூரை முழுக்க உருண்டைக் கல். யாரோ கூழாங்கல்லைக் கலந்து காங்கிரீட் போட்ட மாதிரி இருக்கும். முஷ்டி அளவு, தேங்காய் அளவு, எல்லாம் வழவழப்பு. ஏதோ ஒரு பழைய ஆறு உருட்டி உருட்டி மழித்த கற்கள், பிறகு மண்ணோடு இறுகிப் பாறையாகிவிட்டன. பாறை கரையக் கரைய அவை உதிர்ந்து ஓடைகளில் வந்து சேருகின்றன. கற்கால மனிதன் இந்தப் பள்ளத்தாக்கை விட்டு நகராததற்கு இதுவும் காரணம். தண்ணீர் இருக்கிறது, ஆயுதத்துக்கு வேண்டிய கல்லும் காலடியில் கிடக்கிறது.

குகையில் தேனடைகள் தொங்கும். கத்தக்கூடாது, புகை கூடாது, சென்ட் அடித்துக்கொண்டு வரக்கூடாது. சூடம் கொளுத்துகிறேன் என்று ஒருவர் கிளம்பினார், கையைப் பிடித்து உட்கார வைத்தோம்.

கற்காலமா? பூண்டியிலயா?

ஆமாம். 1863-இல் பல்லாவரத்தில் இந்தியாவின் முதல் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், அதே ஆண்டு செப்டம்பரில் சக நிலவியலாளர் வில்லியம் கிங்கோடு வந்து இறங்கியது பூண்டிக்குப் பக்கத்தில் உள்ள அத்திரம்பாக்கத்தில். அங்கே தொல்லியலாளர் சாந்தி பப்புவும் அவர் குழுவினரும் பல ஆண்டுகள் தோண்டி ஆராய்ந்தார்கள். 2011-இல் வெளியான முடிவுப்படி அங்குள்ள கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு. 2018-இல் வெளியான இன்னொரு முடிவு, வேறு வகைச் சிறு கருவிகள் அங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டன என்றது. உலகமே திரும்பிப் பார்த்த ஓடை அது. நேரில் போனால் முள்ளும் மண்மேடும்தான் தெரியும். ஏமாறாதீர்கள், முதலில் பூண்டியில் உள்ள தொல்லியல் துறை அருங்காட்சியகத்தில் கருவிகளைப் பார்த்துவிட்டு வாருங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் கைக்கோடரி இருக்கும். உங்கள் உள்ளங்கையை அதற்கு நேராக விரித்துப் பாருங்கள், பிடி எங்கே வரும் என்று கைக்கே தெரிந்துவிடும். விடுமுறை நாள் எது என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

ஒரு கல்லு எடுத்துக்கிட்டு வரலாமா? ஞாபகத்துக்கு.

வேண்டாம். அது பாதுகாக்கப்பட்ட இடம். எங்கே, எந்த மண்ணில், எந்த ஆழத்தில் கிடந்தது என்பதில்தான் அந்தக் கல்லின் சேதி இருக்கிறது. உங்கள் ஷோகேஸில் அது வெறும் கல்.

பாம்பு இருக்குமா?

இருக்கும். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் இந்தப் பக்கத்துப் புதர்களில் உண்டு. மூடிய ஷூ, முழு பேண்ட். கையை விடுகிற இடம், உட்காருகிற கல், இரண்டையும் கண்ணால் பார்த்த பிறகு. இத்தனை ஆண்டில் எங்களில் யாரையும் தீண்டியதில்லை. தீண்டினால் கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108-ஐக் கூப்பிட்டு நேரே அரசு மருத்துவமனை. மந்திரிப்பவரிடம் போகிற நேரத்தில் திருவள்ளூரே வந்துவிடும்.

சாப்பாடு?

காலைக்கு வீட்டிலிருந்து எலுமிச்சை சாதமோ புளி சாதமோ கட்டிக்கொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். மதியம் பூண்டியில் ஏரி மீன் வறுவல் கிடைக்கும், கட்லா, ஜிலேபிக் கெண்டை. சுடச்சுட நன்றாகத்தான் இருக்கும். காசிமேட்டுக்காரர்கள் முதல் வாயிலேயே “மண் வாடை” என்று தட்டைத் தள்ளிவிடுவார்கள், பிறகு அடுத்தவர் தட்டில் கை வைப்பார்கள். இலையும் பிளாஸ்டிக்கும் நம் பையிலேயே திரும்ப வர வேண்டும்.

பெண்களுக்குக் கழிப்பறை வசதி?

திருவள்ளூரில் முடித்துக்கொள்வதுதான் நல்லது. நடைபாதையில் எதுவும் கிடையாது. இதற்காகத் தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள் சிலர், அது ஆபத்து. முன்கூட்டியே சொல்லுங்கள், பதினொரு மணிக்குள் ஊருக்குள் திரும்புகிற மாதிரி நடையைச் சுருக்கிக்கொள்ளலாம். இரண்டு தடவை அப்படித்தான் செய்தோம்.

அம்மாவுக்கு எழுபது வயசு. கோயில் ஏதாவது இருந்தா வர்றேங்கிறாங்க.

இருக்கிறது, அதுவும் நம்மூர்க் கதை உள்ள கோயில். திருவொற்றியூரில் சங்கிலியாரைக் கைப்பிடித்த சுந்தரர், உன்னைப் பிரியேன் என்று செய்த சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டினார், கண் பார்வை போயிற்று. தட்டுத்தடுமாறி நடந்து திருமுல்லைவாயில் வழியாகத் திருவெண்பாக்கம் வந்து சேர்ந்தார். கண்ணைக் கேட்டவருக்குச் சிவன் கொடுத்தது ஓர் ஊன்றுகோல். அதனால் ஊன்றீஸ்வரர். பழைய ஊரும் கோயில் இருந்த இடமும் நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டன. கோயிலைப் பூண்டியில் ஏரிக்கரையில் மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். அம்மா அங்கே மண்டபத்தில் உட்கார்ந்தபடியே ஏரியைப் பார்க்கட்டும், நடை முடிந்து வருகிறவர்களைவிட அதிகப் பறவை பார்த்திருப்பார்கள். சுந்தரருக்குக் கிடைத்த மாதிரி கைத்தடி ஒன்று கொண்டு வரச் சொல்லுங்கள், கரை மேடு பள்ளம்.

பெரியபாளையத்தையும் அதே நாள்ல முடிச்சிடலாமா?

முடியாது. ஆடி மாதம் வேப்பஞ்சேலை கட்டப் போகிறோமே, அந்தக் கோயில் ஆரணி ஆற்றங்கரை. அது பக்கத்துப் பள்ளத்தாக்கு, பழவேற்காட்டில் போய் விழுகிற ஆறு. பஸ்ஸில் ஒரு மூச்சு தூரம்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இரண்டும் கெடும்.

வெள்ளத்துல எங்க வீட்டுக்குள்ள வந்த தண்ணி இங்கேருந்தா வந்துச்சு?

சடையங்குப்பத்து அம்மா ஒருவர் ஏரிக்கரையில் நின்று கேட்டது. எல்லாம் இங்கிருந்து வந்ததல்ல. பூண்டிக்குக் கீழே பெய்த மழையும் ஊர் ஏரிகளின் உபரியும் வழியில் சேரும், முகத்துவாரம் அடைபட்டிருந்தால் வடியாமல் தேங்கும். ஆனால் ஷட்டர் திறந்த அன்று செய்தியில் வாசிக்கிற வரிசை இருக்கிறதே, ஒதப்பை, மெய்யூர், வெள்ளியூர், தாமரைப்பாக்கம், சீமாவரம், வெள்ளிவாயல், இடையஞ்சாவடி, மணலி புதுநகர், சடையங்குப்பம், எண்ணூர், அது இந்த ஆற்றின் முகவரிதான். அந்த அம்மா வரிசையில் தன் ஊர் வரும் வரை விரல் மடக்கி எண்ணினார். பிறகு ஷட்டர்களை ஒவ்வொன்றாக எண்ணினார். பதினாறு என்றார். நானும் எண்ணிப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது.

பிள்ளைங்களைக் கூட்டிட்டு வரலாமா?

எட்டு வயதுக்கு மேல் என்றால் வரலாம். போன் வீட்டில் இருக்கட்டும். சிவப்புச் சட்டை வேண்டாம்.